கார் நிறுத்த விதி உண்டு, பேருந்து நிற்க விதி இல்லை: புறநகர் மால்களும் பொதுப் போக்குவரத்தும்

பெங்களூரு: கடந்த 2023-ஆம் ஆண்டின் இறுதி நாள்களில் பெங்களூரு மாநகர காவல் துறை வழக்கத்திற்கு மாறான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. நகரின் வடக்குப் பகுதியில், விமான நிலையத்திற்குச் செல்லும் பெல்லாரி சாலையை ஒட்டி அமைந்துள்ள 'பீனிக்ஸ் மால் ஆஃப் ஏசியா' வணிக வளாகத்திற்குள் டிசம்பர் 31 முதல் ஜனவரி 15 வரை பொதுமக்கள் நுழையத் தடை விதிக்கப்படுவதாக, அப்போதைய காவல் ஆணையர் பி.தயானந்தா குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவின் கீழ் அறிவித்தார். கலவரக் காலங்களில் கூட்டம் கூடுவதைத் தடுக்க அப்போது பயன்பட்டு வந்த அச்சட்டப் பிரிவு, ஒரு கடைத்தொகுதிக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. கடும் போக்குவரத்து நெரிசல், போதிய வாகன நிறுத்துமிடம் இல்லாமை, அதனால் பொதுமக்களுக்கு ஏற்படும் இடையூறு ஆகியவை முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன.

மால் திறக்கப்பட்டு அப்போது ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. சுமார் 12 லட்சம் சதுர அடி வாடகைப் பரப்பு கொண்ட அந்த வளாகம், அக்டோபர் 2023-இல்தான் வாடிக்கையாளர்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. பின்னர் வளாகம் மீண்டும் வழக்கம்போல் இயங்கத் தொடங்கியது. புத்தாண்டுப் பரபரப்பு அடங்கியதும் செய்தியும் அடங்கிவிட்டது.

ஆனால் அந்த உத்தரவு எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது. நெரிசலுக்கு மருந்தாக அரசு இயந்திரம் தேர்ந்தெடுத்தது, மக்கள் வருவதையே நிறுத்துவது. எதிர்த்தரப்பு வாதமோ கூடுதல் வாகன நிறுத்துமிடம், சீரான நுழைவு, வெளியேற்றம் என்ற அளவில் நின்றது. வந்தவர்கள் ஏன் காரில் வந்தார்கள், வேறு எதில் வந்திருக்க முடியும் என்பது அந்த விவாதத்தின் மையத்திற்கு வரவே இல்லை. பல லட்சம் சதுர அடிக் கட்டடம் ஒன்று நெடுஞ்சாலையோரம் எழும்போது, அதற்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர் யார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. அங்கு வந்து செல்லும் மனிதர்களுக்கான பேருந்துக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லை.

இது தற்செயலான விடுபடல் அன்று. விதிகளின் அமைப்பிலேயே இருக்கும் விடுபடல். நாட்டின் ஏறக்குறைய எல்லாப் பெருநகரங்களின் கட்டட விதிகளும், வணிகக் கட்டடத்தில் எத்தனை சதுர மீட்டர் பரப்புக்கு எத்தனை கார்கள் நிறுத்த இடம் வேண்டும் என்பதைத் துல்லியமாக வரையறுக்கின்றன. அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் வரைபடத்திற்கு அனுமதி கிடையாது. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் இதே பார்வையைத்தான் கொண்டிருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கு அதன்படி முன்அனுமதி தேவை. அதற்கான விண்ணப்பப் படிவம், வாகன நிறுத்துமிடப் பற்றாக்குறை ஏற்படுமா என்று கேட்கிறது. வளாகத்தின் நுழைவாயிலிலும் வெளியேறும் வழியிலும் போக்குவரத்து எவ்வாறு ஒழுங்குபடுத்தப்படும் என்று கேட்கிறது. வளாகத்திற்கு உள்ளே நடைபாதைகளும் மிதிவண்டிப் பாதைகளும் எவ்வளவு என்றும் கேட்கிறது. ஆனால் அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்திலிருந்து வாயில் வரை ஒருவர் எப்படி நடந்து வருவார், இரவு எத்தனை மணி வரை அங்கு பேருந்து கிடைக்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு அதே அழுத்தம் தரப்படவில்லை. போக்குவரத்துத் தாக்க ஆய்வில் ஆலோசனை நிறுவனம் தானாக முன்வந்து பேருந்து நிறுத்த வளைவு ஒன்றைப் பரிந்துரைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இத்தனைக்கும், சாலைகள் வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதற்கே என்ற கொள்கையை 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை தெளிவாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கொள்கையும் மேற்கண்ட அறிவிக்கையும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளும் இந்தச் சாய்வையே காட்டுகின்றன. மால்களில் வாகன நிறுத்தக் கட்டணம் வசூலிக்கலாமா என்ற கேள்வி குஜராத், கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் உயர் நீதிமன்றம் வரை சென்றது. குஜராத் உயர் நீதிமன்றம் 2019-இல் கூடாது என்றது. கொச்சி லுலு மால் தொடர்பான வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் கட்டணம் வசூலிக்கும் உரிமையை 2025-இல் உறுதி செய்தது. தெலங்கானா அரசு 2018-இல் முதல் அரை மணி நேரத்திற்குக் கட்டணம் கூடாது என்று அரசாணையே வெளியிட்டது. இருபது, முப்பது ரூபாய்க் கார் கட்டணத்திற்காக இவ்வளவு சட்டப் போராட்டம்! மாலுக்குப் பேருந்து இல்லை என்ற குறை இவ்வளவு கவனத்தை ஒருபோதும் பெற்றதில்லை. பேருந்துக்காகக் காத்திருப்பவருக்கு வழக்குத் தொடர நேரமும் இருப்பதில்லை.

கதவடைத்த பிறகு

மாலுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால், வாடிக்கையாளரை நினைத்துத்தான் பெரும்பாலும் விடை சொல்லப்படுகிறது. காரில் வருபவர் போக, செயலி வழியாக வாடகைக் காரோ ஆட்டோவோ அழைப்பவர்கள் இருக்கிறார்கள். இளைஞர்கள் இரு சக்கர வாகனத்தில் வருகிறார்கள். வாரத்திற்கு ஒருமுறை அல்லது மாதத்திற்கு ஒருமுறை வருபவருக்குப் பேருந்து இல்லை என்பது ஒரு சிரமம் மட்டுமே.

நாள்தோறும் வருபவர்கள் வேறு. ஆடைக் கடைகளின் விற்பனையாளர்கள், உணவுக் கூடத்தில் பரிமாறுவோர், சமையலறைப் பணியாளர்கள், காவலாளிகள், துப்புரவுத் தொழிலாளர்கள், திரையரங்குகளில் நுழைவுச்சீட்டைச் சரிபார்ப்போர் என ஒரு பெரிய மாலை நம்பி வாழ்பவர்கள் ஏராளம். இவர்களில் கார் வைத்திருப்பவர் அரிது. கட்டட விதி கேட்கும் கார் நிறுத்துமிடக் கணக்கில் இவர்களுக்கு இடம் தேவையில்லை. எனவே வளாகத்தின் போக்குவரத்துத் திட்டத்திலும் இவர்கள் பெரும்பாலும் தென்படுவதில்லை.

இவர்களது இரவுக் கணக்கு எளிமையானது. பெரும்பாலான மால்களில் கடைகள் இரவு 10 மணிக்கு மூடப்படுகின்றன. கதவை இழுத்துவிட்ட பிறகு பணப்பெட்டியை எண்ணி ஒப்படைக்க வேண்டும். கலைந்த துணிகளை மடித்து அடுக்க வேண்டும். பணியாளர் வாயிலில் பைச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். வெளியே வரும்போது மணி பத்தரை. பணியாளர் வாயில் பெரும்பாலும் பின்புறத்தில், சரக்கு வாகனங்கள் வரும் பாதையில் இருக்கும். அங்கிருந்து முன்சாலைக்கு வரவே வளாகத்தைப் பாதி சுற்ற வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையோர மாலாக இருந்தால் எதிர்ப்பக்க நிறுத்தத்திற்குச் செல்ல நடைமேம்பாலத்தைத் தேடிச் செல்ல வேண்டும். நாட்டின் பெரும்பாலான மெட்ரோ நகரங்களில் கடைசி ரயில் முனையத்திலிருந்து இரவு 11 மணியை ஒட்டியே புறப்படுகிறது. பாதையின் நடுவில் ரயில் மாறவேண்டியவருக்கு அந்தக் கடைசி ரயிலும் பயன்படாமல் போகலாம். பேருந்தாக இருந்தால், கடைசி நடை எப்போது என்பது நடத்துநருக்குத் தெரிந்த அளவு பயணிக்குத் தெரிவதில்லை. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் மிஞ்சுவது ஆட்டோ. அன்றைய ஊதியத்தில் கணிசமான பகுதியை அந்த ஒரு பயணம் எடுத்துக்கொள்ளும்.

கடைநேரத்தை நீட்டிக்கும் முடிவுகள் இந்தக் கணக்கை மேலும் இறுக்குகின்றன. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரி கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆண்டின் 365 நாள்களும் கடைகளைத் திறந்து வைக்க வழிவகுத்தது. மும்பையில் மால்களும் உணவகங்களும் இரவு முழுவதும் இயங்கலாம் என்ற நடைமுறை ஜனவரி 2020-இல் அமலுக்கு வந்தது. கர்நாடக அரசு ஜனவரி 2021-இல், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்தது. ஆனால் மும்பை புறநகர் ரயில்கள் நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரம் ஓய்வெடுக்கின்றன. பெங்களூரு மெட்ரோவும் அவ்வாறே. கடை திறந்திருக்கும் நேரத்தை ஒரு துறை அறிவிக்கிறது. ரயில் ஓடும் நேரத்தை வேறொரு துறை தீர்மானிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கலந்துகொள்வதற்கான ஏற்பாடு எதுவும் இந்த அறிவிப்புகளில் இல்லை.

பெண் பணியாளர்கள் விஷயத்தில் சட்டம் ஓரடி முன்னே சென்றிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. மாதிரிச் சட்டமும் கர்நாடக அறிவிக்கையும், இரவில் பெண்களைப் பணியமர்த்தும் நிறுவனம் அவர்களது பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் இவ்விதி வாகன வசதியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே பணிநேரம், ஆயிரக்கணக்கான ஊழியர்கள் என்பதால் அங்கு அது எளிது. மாலிலோ ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான முதலாளிகள். ஒரு கடையில் நான்கு பேர், மற்றொன்றில் ஏழு பேர். காலணிக் கடைக்காரர் தம் இரண்டு ஊழியர்களுக்காகத் தனி வேன் வைக்கப்போவதில்லை. வளாக உரிமையாளருக்கோ அவர்கள் ஊழியர்கள் அல்லர். காவல், துப்புரவு ஆகிய பணிகளில் உள்ளவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்கள். சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். நடைமுறையில் எல்லோருக்குமாகப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. ஆண் தொழிலாளர்கள் இந்த விதியின் வரம்பிற்குள்ளேயே வருவதில்லை.

கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்குவதைக் கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டமாக்கின. கடைக்குள் உட்கார உரிமை கிடைத்தாயிற்று. வீடு திரும்பும் வழியில் உட்கார ஓர் இருக்கை என்பது இன்னும் எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் படவில்லை.

மெட்ரோ வந்தால் மட்டும் போதுமா?

இந்தியாவின் மெட்ரோ ரயில் பாதைகளின் மொத்த நீளம் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1,000 கிலோமீட்டரை எட்டியதாக மத்திய அரசு அறிவித்தது. புறநகர் மால்களுக்கான பொதுப் போக்குவரத்துப் பிரச்சினை காலப்போக்கில் தானாகவே தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை இது ஏற்படுத்தக்கூடும். சில இடங்களில் தீர்ந்தும் இருக்கிறது. எவ்வளவு காலத்தில் தீர்ந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மும்பையின் மாலாட் மேற்குப் பகுதியில், லிங்க் சாலையில் உள்ள இன்ஆர்பிட் மால் 2004-இல் திறக்கப்பட்டது. மாலாட் ரயில் நிலையம் அங்கிருந்து எளிதில் நடக்கக்கூடிய தொலைவில் இல்லை. பெஸ்ட் பேருந்தோ ஆட்டோவோதான் துணை. லிங்க் சாலை வழியாகச் செல்லும் மெட்ரோ 2ஏ பாதையின் மாலாட் பகுதி பயன்பாட்டுக்கு வந்தது ஜனவரி 2023-இல். இடைப்பட்ட காலம் சுமார் 19 ஆண்டுகள். மாலில் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் நடுத்தர வயதை நெருங்கும் வரை, நிலையத்திலிருந்து மால் வரையிலான அந்தச் சிறு தொலைவு அவரவர் பாடாகவே இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பும் பெஸ்ட் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 2019-இல் ஐந்து ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மே 2025-இல் அது பத்து ரூபாயாக்கப்பட்டது.

தெற்கு டெல்லியின் சாகேத் பகுதியில் நிலைமை இன்னும் விந்தையானது. அங்குள்ள 'செலக்ட் சிட்டிவாக்' மால் 2007-இல் திறக்கப்பட்டது. மெட்ரோவின் மஞ்சள் பாதை செப்டம்பர் 2010-இல் அப்பகுதிக்கு வந்தது. சாகேத் என்ற பெயரிலேயே ஒரு நிலையமும் உண்டு. ஆனால் மாலுக்குச் செல்ல விரும்புபவர் அங்கு இறங்கக் கூடாது. அதற்கு முந்தைய மாளவியா நகர் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவோ இ-ரிக்ஷாவோ பிடிப்பதே வழக்கம். பெயரை நம்பிச் சாகேத்தில் இறங்கிக் குழம்பிய புதியவர்கள் எத்தனையோ பேர். லஜ்பத் நகர் முதல் சாகேத் ஜி பிளாக் வரையிலான புதிய பாதைக்கு மத்திய அமைச்சரவை மார்ச் 2024-இல் ஒப்புதல் அளித்தது. எட்டு நிலையங்கள் கொண்ட அந்த 8.4 கிலோமீட்டர் பாதையில் 'சாகேத் டிஸ்ட்ரிக்ட் சென்டர்' என்று ஒரு நிலையம் இடம்பெறுகிறது. வணிக வளாகங்களின் வாசலுக்கு ரயில் வருவதற்கான முடிவு, மால் திறந்து 17 ஆண்டுகளுக்குப் பின்பே எடுக்கப்பட்டது.

பெங்களூருவின் கிழக்கில், வைட்ஃபீல்டு சாலையில் 2011 முதல் இயங்கும் பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டிக்கு எதிரே இப்போது சிங்கய்யனபாளையா மெட்ரோ நிலையம் நிற்கிறது. அப்பாதை மார்ச் 2023-இல் வைட்ஃபீல்டுக்கும் கே.ஆர்.புரத்திற்கும் இடையே மட்டும் திறக்கப்பட்டது. நகரின் மையத்திலிருந்து வரும் பாதை பையப்பனஹள்ளியில் நின்றுவிட, இடையில் ஒரு சிறு துண்டு மட்டும் இணைக்கப்படாமல் இருந்தது. அந்தச் சிறிய தூரத்தைக் கடக்க ரயிலிலிருந்து இறங்கி, இணைப்புப் பேருந்தில் ஏறி, மீண்டும் ரயில் ஏற வேண்டியிருந்தது. அக்டோபர் 9, 2023 அன்று அந்தத் துண்டும் இணைந்த பிறகே பாதை முழுமை பெற்றது. சில கிலோமீட்டர் இடைவெளி ஒரு முழுப் பாதையின் பயனையே எப்படிக் குறைத்துவிடும் என்பதற்கு அந்த ஏழு மாதங்கள் சான்று.

கொச்சி இதற்கு மாறான எடுத்துக்காட்டு. இடப்பள்ளி சந்திப்பில் லுலு மால் மார்ச் 2013-இல் திறக்கப்பட்டபோது, அச்சந்திப்பு ஏற்கெனவே நெரிசலுக்குப் பெயர்பெற்றது. 2016-இல் மேம்பாலம் வந்தது. ஜூன் 2017-இல் தொடங்கிய கொச்சி மெட்ரோவின் முதல் கட்டத்திலேயே இடப்பள்ளி நிலையமும் இடம்பெற்றது. அந்த நிலையத்திலிருந்து மாலுக்குள் நேரடியாக நுழையும் நடைமேம்பாலம் அமைக்கப்பட்டது. சாலையில் கால் வைக்காமல், மழையில் நனையாமல் கடைக்குள் செல்லலாம். கேரளத்தின் மழையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நவி மும்பையின் சீவுட்ஸ் பகுதியிலோ மால் ரயில் நிலையத்தின் மேலேயே எழுப்பப்பட்டிருக்கிறது. அங்கு இடைவெளி என்ற பேச்சே இல்லை.

இவ்விரு இடங்களிலும் வெற்றிக்குக் காரணம் ரயில் மட்டுமன்று, கடைசி இருநூறு மீட்டர். நிலையம் அருகில் இருந்தும் நடுவே ஆறுவழிச் சாலை ஓடினால், நடைபாதை உடைந்து கிடந்தால், தெருவிளக்கு எரியாவிட்டால், அந்த நிலையம் பயணிக்கு இல்லாததற்குச் சமம்.

கட்டணமும் கவனத்திற்குரியது. பெங்களூரு மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் பிப்ரவரி 2025-இல் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒரு தொழிலாளி நாள்தோறும் இரு முறை அக்கட்டணத்தைச் செலுத்தினால், மாதத்தின் 26 வேலை நாள்களுக்கு, பயண அட்டைச் சலுகை போகாமல், 4,680 ரூபாய் ஆகும். கர்நாடகத்தில் ஜூன் 2023 முதல் நடைமுறையில் உள்ள 'சக்தி' திட்டத்தின் கீழ், பெண்கள் அரசு சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கலாம். தமிழ்நாட்டில் 2021 முதல் உள்ள மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டத்தின் வழியில் வந்தது இது. ஒரு விற்பனைப் பெண்ணுக்கு மெட்ரோவைவிட பேருந்தே கட்டுப்படியாகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பேருந்து இருந்தால்தான் அந்த இலவசத்திற்குப் பொருள் உண்டு.

பேருந்துக் கழகங்களின் தயக்கம்

பேருந்துக் கழகங்கள் ஏன் மால்களைத் தனி இலக்காகக் கருதுவதில்லை? அவற்றின் தரப்பில் நியாயங்கள் உண்டு. அட்டவணைகள் அலுவலகம், பள்ளி நேரங்களை மையமாகக் கொண்டவை. மாலில் கூட்டம் சேர்வதோ மாலையிலும் வார இறுதியிலும். அந்த நேரத்திற்காகக் கூடுதல் ஓட்டுநர், நடத்துநர்களைப் பணியமர்த்த வேண்டும். இரவு ஓய்விடம் தர வேண்டும். பற்றாக்குறையில் இயங்கும் கழகங்களுக்கு இது எளிதன்று. 6,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை வைத்திருக்கும் பெங்களூரு பெருநகரப் போக்குவரத்துக் கழகம் போன்ற பெரிய அமைப்பும் இதற்கு விதிவிலக்கல்ல.

ஆயினும் இதே காரணத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். காலை நெரிசலுக்காக வாங்கப்பட்ட பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பணிமனையில் நிற்கின்றன. அவற்றுக்கான மூலதனம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. வார இறுதியில் மாலுக்கு ஓடும் பேருந்துக்குத் தேவைப்படுவது எரிபொருளும் பணியாளர் ஊதியமும் மட்டுமே. அலுவலகப் பயணத்தில் ஒரு திசையில் நிரம்பி மறு திசையில் காலியாகத் திரும்பும் பேருந்து, மால் பயணத்தில் இரு திசைகளிலும் ஆள்களைப் பெறும் வாய்ப்பு கூடுதல். வருவோரும் திரும்புவோரும் நாள் முழுவதும் கலந்தே இருப்பதே காரணம். இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு வழித்தடமும் ஓர் ஆறு மாத காலமும் போதும்.

மால்களே தங்கள் செலவில் இணைப்புப் பேருந்து இயக்கலாமே என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. இதில் சட்டச் சிக்கல் உள்ளது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி, வழியில் பயணிகளை ஏற்றி இறக்கித் தனித்தனியே கட்டணம் வாங்கும் பேருந்துக்கு 'ஸ்டேஜ் கேரேஜ்' அனுமதி வேண்டும். பெருநகரங்களில் அந்த அனுமதி பெரும்பாலும் அரசுக் கழகங்களின் கையில். ஒப்பந்த வாகனமாக இயக்கினால் இடையில் யாரையும் ஏற்ற முடியாது. டெல்லி அரசு 2023-இல் செயலி வழி இயங்கும் உயர்தரப் பேருந்துகளுக்குத் தனித் திட்டம் கொண்டுவந்தது ஓரளவு இத்தடையைத் தளர்த்தியது. ஆனால் உயர்தரக் கட்டணத்தில் ஓடும் அப்பேருந்து துப்புரவுத் தொழிலாளிக்கு எட்டாது.

மெட்ரோ திட்டங்களைப் பொறுத்தவரை ஒரு பிடிமானம் ஏற்கெனவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, நிலையத்தின் இருபுறமும் குறைந்தது ஐந்து கிலோமீட்டர் பரப்பிற்கு இணைப்புப் பேருந்து, நடைபாதை போன்ற வசதிகளைச் செய்து தருவதாக மாநில அரசுகள் திட்ட அறிக்கையிலேயே உறுதியளிக்க வேண்டும் என்கிறது. ஐந்து கிலோமீட்டர் வட்டத்திற்குள் பெரும்பாலான புறநகர் மால்கள் அடங்கிவிடும். அந்த உறுதிமொழி நிறைவேறியதா என்று பின்னர் யார் சரிபார்க்கிறார்கள் என்பதில்தான் தளர்ச்சி.

பணம் யார் தருவது என்ற கேள்விக்கு ஹைதராபாத் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. அங்கு மெட்ரோவை உருவாக்கிய எல் அண்ட் டி நிறுவனத்திற்கு, நிலையங்களை ஒட்டி வணிக வளாகங்கள் கட்டிக்கொள்ளும் உரிமையும் வழங்கப்பட்டது. பஞ்சாகுட்டா, எர்ரம்மன்சில், ஹைடெக் சிட்டி, மூசாராம்பாக் ஆகிய இடங்களில் மால்கள் எழுந்தன. பயணிக்கு அது வசதி. ஆனால் மால் வருவாய் ரயிலைத் தாங்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. நட்டத்தில் இயங்கிய முதல் கட்ட மெட்ரோவைத் தெலங்கானா அரசே ஏற்றுக்கொள்வது என 2025-இல் முடிவானது. ஒரு ரயில் பாதையைச் சுமக்க மாலால் இயலாது. நான்கு பேருந்துகளின் இரவு நடைகளுக்கான இழப்பைப் பகிர்ந்துகொள்வது அவ்வளவு பெரிய சுமையாக இருக்காது. அதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாக்குவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கார் நிறுத்துமிடம் கேட்கும் அதே படிவத்தில் கூடுதலாக ஒரு வரி போதும்.

பெல்லாரி சாலையில் பேருந்துகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எலகங்காவுக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் சாதாரணப் பேருந்துகள் அவ்வழியே ஓடுகின்றன. விமான நிலையத்திற்குச் செல்லும் குளிர்சாதன 'வாயு வஜ்ரா' பேருந்துகளும் அவ்வழியே விரைகின்றன. ஆனால் அவற்றின் கட்டணம் விமானப் பயணிக்கானது, 'சக்தி' திட்டச் சலுகையும் அவற்றுக்கு இல்லை. கே.ஆர்.புரத்திலிருந்து ஹெப்பால் வழியாக விமான நிலையத்திற்குச் செல்லவிருக்கும் மெட்ரோவின் நீலப் பாதைக்கான பணிகள் அதே சாலையில் நடைபெற்று வருகின்றன. அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கும் வரை, இரவு பத்தரை மணிக்குப் பணியாளர் வாயிலிலிருந்து வெளியே வருபவர்கள், விமான நிலையத்தை நோக்கி விரையும் கார்களுக்கு இடையே சாலையைக் கடந்து, சிவாஜிநகருக்கோ மெஜஸ்டிக்கிற்கோ செல்லும் அடுத்த பேருந்தின் பெயர்ப்பலகை விளக்கைத் தேடி நிற்பார்கள்.